ஆடாமலே கலைந்த அணி

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஒரு தாயின் கடிதத்தை வெளியிட்டு, அதற்கான பதிலை இந்த இதழுக்கு ஒத்திவைத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு மேலும் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அந்த ஒரு விஷயத்திற்கே ஒதுக்குகிறேன். சென்ற இதழைத் தவறவிட்டவர்களுக்காக அத்தாயின் கடிதம் சுருக்கமாக மீண்டும் கீழே வருகிறது.

கேள்வி: என் மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் ஆண் பிள்ளைகளோடு திடலில் ஓடத் தொடங்கியவள். இவ்வாண்டுத் தொடக்கத்தில், புதிதாக லீக் போட்டியில் சேரப்போவதாகச் சொன்ன ஒரு மகளிர் காற்பந்து அணிக்குத் தேர்வானாள். வாரத்தில் மூன்று மாலைகள் டியூஷனை விட்டுவிட்டு, நான்கு மாதங்கள் பயிற்சிக்குப் போனாள். சட்டைக்கு அளவெடுத்து 14ஆம் எண்ணை அவளுக்குக் கொடுத்தார்கள். முதல் ஆட்டத்திற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அணி இந்தப் பருவத்தில் பங்கேற்காது என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே ஒரு வரி வந்தது. அதன் பிறகு யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. மகள் காலணியைப் பையிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த ஒன்றா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: இல்லை அம்மா, உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பணமும் ரசிகர்களும் நிறைந்த அமெரிக்காவிலேயே ஒரு முழு நகரத்திற்கு இது நேர்ந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு நேர்ந்தது எங்கிருந்து வந்தது என்பதை அது தெளிவாகக் காட்டும் என்று நம்புகிறேன்.

2021 ஜனவரியில் அமெரிக்காவின் தேசிய மகளிர் காற்பந்து லீக், கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குப் புதிய அணி ஒன்றை வழங்குவதாகவும், அது 2022 முதல் களமிறங்கும் என்றும் அறிவித்தது. அதன் உரிமையாளர் ரான் பர்க்கிள் என்னும் பெரும் செல்வந்தர். அந்நகரின் ஆண்கள் அணியான சாக்ரமெண்டோ ரிபப்ளிக்கை, அந்நாட்டு ஆண்கள் காற்பந்தின் மேல்நிலை லீக்கான மேஜர் லீக் சாக்கருக்குக் கொண்டுபோகும் முயற்சிக்கும் அவர்தான் முதன்மை முதலீட்டாளராக இருந்தார். அந்த லீக்கில் ஓர் இடம் 2019 அக்டோபரிலேயே நகரத்திற்குக் கிடைத்திருந்தது. பழைய ரயில் பணிமனை வளாகத்தில் புதிய அரங்கம் எழும், அதில் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஆடும் என்று அந்நகரத்தார் கனவு கண்டார்கள்.

மகளிர் அணி பற்றிய அறிவிப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரி இறுதியில் பர்க்கிள் ஆண்கள் அணித் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். மகளிர் அணியின் உரிமை மட்டும் அவர் கையிலேயே இருந்தது. ஜூன் மாதத்தில், அந்த அணி சாக்ரமெண்டோவில் அல்ல, சான் டியேகோவில் ஆடும் என்று அறிவித்தார்கள். இரண்டும் ஒரே மாநிலத்து நகரங்கள்தாம் என்றாலும், இடையிலுள்ள சாலைத் தொலைவு பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போவதைவிட அதிகம். ஆக, சாக்ரமெண்டோவின் மகளிர் அணி ஒரே ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

சான் டியேகோவில் அதே உரிமையைக் கொண்டு உருவானதுதான் சான் டியேகோ வேவ் அணி. அமெரிக்காவுக்கு 2015, 2019 ஆகிய இரண்டு மகளிர் உலகக் கிண்ணங்களை வென்று தந்த பயிற்றுநர் ஜில் எல்லிஸ் அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். அமெரிக்கத் தேசிய அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் அலெக்ஸ் மோர்கன் வந்து சேர்ந்தார். 2022 செப்டம்பரில் ஸ்னாப்டிராகன் அரங்கில் அவர்கள் ஆடிய முதல் ஆட்டத்தைக் காண 32,000 பேர் வந்தார்கள். அதே செப்டம்பரில், மேல் லீக்கை எட்ட முடியாமற்போன சாக்ரமெண்டோ ரிபப்ளிக் அணி, இரண்டாம் நிலை லீக்கிலிருந்துகொண்டே மேஜர் லீக் அணிகள் மூன்றை வரிசையாக வென்று, பல நிலை லீக்குகளின் அணிகளும் மோதும் யூ.எஸ். ஓப்பன் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை போய் ஓர்லாண்டோவிடம் தோற்றது. ஆட்டக்காரர்களிடத்திலோ ரசிகர்களிடத்திலோ அந்நகரத்தில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அணியின் உரிமை நகரத்தின் கையில் இல்லை; குறை அது ஒன்றே.

உங்கள் மகளுக்கு நேர்ந்ததற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சாக்ரமெண்டோ அணிக்காக யாரும் நான்கு மாதம் வியர்வை சிந்தவில்லை; அங்கே ஏமாந்தவர்கள் ரசிகர்கள். உங்கள் வீட்டில் ஏமாந்தவள் ஆடப்போகிறவள். அதனால் அவளுடைய துயரம் இன்னும் கனமானது. ஓர் ஆட்டத்தில் தோற்றவளைத் தேற்ற அடுத்த ஆட்டம் இருக்கிறது. ஆடவே விடப்படாதவள் தன் ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருப்பாள். 'ஒரு டீம்தானே, விடு' என்று வீட்டில் யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நிர்வாகத்தினர் உங்களுக்கு ஒரு விளக்கம் தரக் கடமைப்பட்டவர்கள். புலனத்தில் வந்த ஒரு வரி விளக்கமாகாது. அணி ஏன் விலகியது, உங்கள் மகளின் பெயர் எங்காவது பதிவு செய்யப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் எழுதி, அவர்களுக்குக் கடிதமாக அனுப்புங்கள். இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்பதைக் கீழே வேறொருவருக்கு எழுதியிருக்கிறேன். டியூஷனுக்குத் திரும்பச் சேர்த்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன், எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதித் தேர்வு யாருக்காகவும் தள்ளிப்போகாது.

கேள்வி: ஒரு நகரத்துக்கென்று ஊரறிய அறிவித்த அணியை மற்றொரு நகரத்திற்குத் தூக்கிக்கொண்டு போக எப்படி முடிகிறது? தடுப்பதற்கு வழியே இல்லையா?
– வாசகர், செந்தூல்

பதில்: அமெரிக்கத் தொழில்முறை லீக்குகளின் அமைப்பைப் பார்த்தால் இது புரியும். இங்கிலாந்தில் கீழ்நிலை லீக்கில் ஆடும் ஒரு சிறிய கிளப், வென்று வென்று மேலே ஏறலாம். தோற்றால் கீழே இறங்கும். அமெரிக்காவின் மேல்நிலை லீக்குகளில் ஏற்றமும் இறக்கமும் கிடையாது. லீக் தன்னை விரிவாக்க நினைக்கும்போது புதிய இடங்களை விலைக்குக் கொடுக்கிறது. பணம் கட்டியவருக்கு அணி நடத்தும் உரிமை கிடைக்கிறது. ஒப்பந்தம் லீக்கிற்கும் உரிமையாளருக்கும் இடையில் உள்ளது. நகரத்தின் பெயர் அதில் இருக்கும். நகரத்தின் கையெழுத்து இருக்காது. லீக் ஒப்புக்கொண்டால் உரிமையாளர் இடம் மாறலாம்.

அந்த உரிமையின் மதிப்பும் சாதாரணமானதன்று. பர்க்கிள் அதற்காகக் கட்டியது ஏறக்குறைய 2 மில்லியன் டாலர் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. 2024இல் அவர் சான் டியேகோ அணியை லெவின் லைக்ட்மேன் குடும்பத்திற்கு விற்க உடன்பட்டபோது பேசப்பட்ட மதிப்பு 110 மில்லியன் டாலருக்கும் மேல். மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு வளர்ந்த ஒரு சொத்தில் சாக்ரமெண்டோ மக்களுக்குக் கிடைத்த பங்கு எதுவுமில்லை.

நம் நாட்டிலும் இதைக் கண்டிருக்கிறோம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழியில் உருவாகி, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, 2019 முதல் சூப்பர் லீக்கில் ஆடிய அணியை நம்மில் பலர் சொந்த அணியாகவே நினைத்திருந்தோம். உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டும் நம்பிக் களமிறங்கிய துணிச்சலும் அதற்கு இருந்தது. 2022 பருவம் முடிந்ததும் அது லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அந்த அணியின் சட்டையை அணிந்துகொண்டு அரங்கிற்குப் போன பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏற்றமும் இறக்கமும் உள்ள இங்கிலாந்து மட்டும் பாதுகாப்பான இடம் என்றும் சொல்லிவிட முடியாது. 2017 ஏப்ரல் 21ஆம் நாள் நாட்ஸ் கவுண்டி மகளிர் அணியைக் கலைத்துவிட்டார்கள். பருவத்தின் முதல் ஆட்டம் இரண்டே நாளில் ஆர்சனலுடன் நடக்கவிருந்தது. செலவைத் தாங்க முடியாது என்று புதிய உரிமையாளர் முடிவெடுத்தார். ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் வேலையையும் வருமானத்தையும் இழந்தார்கள். இங்கிலாந்துத் தேசிய அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் லாரா பாசெட்டும் அவர்களில் ஒருவர். கிளப் இல்லாத நிலையிலும் அதே ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்கான அணியில் அவர் இடம்பெற்றார். பட்டர்வொர்த் அம்மா இதைத் தம் மகளிடம் சொல்லலாம்.

கேள்வி: பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை, அதனால்தான் அணிகளை மூடுகிறார்கள் என்கிறார் என் மாமா. நான் மறுத்துப் பேசினால் ஆதாரம் கேட்கிறார். என்ன சொல்வது?
– கல்லூரி மாணவி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: உங்கள் மாமாவுக்கு எண்களையே கொடுங்கள். 1999 மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைக் கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் அரங்கில் பார்த்தவர்கள் 90,185 பேர். 2022 ஏப்ரலில் பார்சலோனாவின் கேம்ப் நோவ் அரங்கில் பார்சலோனா மகளிரும் வொல்ஃப்ஸ்பர்க் மகளிரும் மோதியபோது வந்தவர்கள் 91,648 பேர். இன்னும் பின்னே போனால், 1920ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலின் குடிசன் பார்க் அரங்கில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடியதைக் காண ஏறக்குறைய 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம், தன் கீழுள்ள திடல்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. கூட்டம் வந்துகொண்டிருந்த காலத்தில் வந்த தடை அது. நீங்குவதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அப்படியானால் லீக்குகள் ஏன் மூடப்பட்டன என்று மாமா கேட்பார், நியாயமான கேள்விதான். 1999இன் உற்சாகத்தில் அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய முதல் தொழில்முறை மகளிர் லீக், ஐந்து ஆண்டுகளுக்கென்று வைத்திருந்த 40 மில்லியன் டாலரை முதல் ஆண்டிலேயே செலவழித்துவிட்டது. 2003 செப்டம்பரில், உலகக் கிண்ணம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது மூடினார்கள். 2009இல் வந்த இரண்டாவது லீக்கில் பருவத்தின் நடுவிலேயே ஓர் அணி மூடப்பட்டது. வாகை சூடிய அணி ஒன்றும் வென்ற சூட்டோடு மறைந்தது. பிறகு, வாஷிங்டன் அணியை வாங்கி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய் மேஜிக்ஜாக் என்று தம் வணிகப் பொருளின் பெயரையே அதற்குச் சூட்டிய உரிமையாளர் ஒருவருடன் லீக் வழக்கில் சிக்கியது. 2012ஆம் ஆண்டுப் பருவம் நடக்கவேயில்லை. அவ்வாண்டு மே மாதம் லீக்கே கலைந்தது. 2011 உலகக் கிண்ண இறுதியில் ஜப்பானிடம் தோற்றுத் திரும்பிய அமெரிக்க ஆட்டக்காரர்களைப் பார்க்க லீக் ஆட்டங்களுக்குக் கூட்டம் பெருகியிருந்த நேரம் அது.

மூன்றாவதாக 2013இல் எட்டு அணிகளுடன் தொடங்கியதுதான் இன்றைய லீக். அமெரிக்க, கனடிய, மெக்சிகோ காற்பந்துச் சங்கங்கள் தொடக்கத்தில் தத்தம் தேசிய ஆட்டக்காரர்களின் சம்பளத்தை ஏற்றுக்கொண்டதால் அணிகளின் சுமை குறைந்தது, லீக் நிலைத்தது. ஆகவே மூடுவிழாக்களுக்குக் காரணம் பெண்களின் ஆட்டமன்று; கணக்குப் போடாமல் செலவழித்ததும், ஓரிருவர் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்ததும்தாம். மாமா இதற்கும் மறுப்புச் சொன்னால் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நம் நாட்டில் பெண்கள் காற்பந்து இப்போதுதான் வந்தது போல் பேசுகிறார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

பதில்: உங்கள் வருத்தம் சரியானது, ஆசிரியை அவர்களே. 1975இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசிய மகளிர் போட்டியிலேயே மலேசியா ஆடியது. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் துணைவியார் பெயரில் துன் ஷரிஃபா ரொட்சியா கிண்ணம் 1976இல் தொடங்கியது. மாநில அணிகளுக்காக எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அதில் ஆடியிருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் இந்தப் பகுதியைப் படித்தால், பழைய படங்களோடு எழுதுங்கள், வெளியிடக் காத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ஒரு கிளப்பிலிருந்து ஒப்பந்தத் தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். சென்ற இதழில் வந்த கடிதத்தைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது. எதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்?
– ஒரு தந்தை, கெப்போங்

பதில்: பயத்தால் மகளைத் தடுத்துவிடாதீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

முதலில், மகளைத் தனியாகக் கையெழுத்திட விடாதீர்கள். நம் நாட்டில் 18 வயது நிறையாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி பொதுவாகச் செல்லாது. கிளப் பொறுப்பாளரை நீங்களே நேரில் பாருங்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பொறுமையாகப் படியுங்கள். தேசிய மொழியில் உள்ள சட்டச் சொற்கள் புரியவில்லையென்றால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். 'இன்றே வேண்டும்' என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் எதையும் கொடுத்துவிடாதீர்கள். உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி, 18 வயதுக்குக் கீழுள்ளவரோடு மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட தொழில்முறை ஒப்பந்தம் செய்யக் கூடாது. அதைவிட நீண்ட காலம் எழுதியிருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை.

அடுத்து, மேலே சொன்ன பதிவு. ஒரு போட்டியில் ஆட வேண்டுமென்றால் ஆட்டக்காரரின் பெயர் அந்தக் கிளப்பின் கீழ் காற்பந்துச் சங்கத்தில் பதிவாக வேண்டும். ஃபிஃபாவின் பொது விதிப்படி ஒருவர் ஒரு பருவத்தில் மூன்று கிளப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம்; ஆனால் இரண்டுக்கு மட்டுமே அதிகாரபூர்வ ஆட்டங்களில் ஆடலாம். கிளப் விலகிய பிறகும் மகளின் பெயர் அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தால், வேறோர் அணி கூப்பிடும் நாளில் அவள் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். எனவே, அணி போட்டியிலிருந்து விலகினால் இத்தனை நாளுக்குள் எழுத்து மூலம் விடுவிக்கிறோம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல நோக்கமுள்ள கிளப் எதுவும் இதற்கு மறுப்புச் சொல்லாது.

லீக்கில் அவர்களுக்கு இடம் உறுதியாகிவிட்டதா, இன்னும் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 'சேரப்போகிறோம்' என்பதற்கும் 'சேர்ந்துவிட்டோம்' என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் பட்டர்வொர்த் பிள்ளையின் நான்கு மாதங்கள் போயின. இந்தப் பருவத்தின் செலவை ஏற்பவர் யார், அவர் விலகினால் அடுத்து யார் என்றும் கேட்கலாம். பணத்தைப் பற்றி விசாரிப்பதில் கூச்சம் வேண்டாம், ஐயா. பெண்ணைக் கட்டிக்கொடுக்குமுன் எவ்வளவு விசாரிக்கிறோம்?

கேள்வி: சென்ற இதழில் எழுதியிருந்த அம்மாவின் மகளோடு அதே அணியில் பயிற்சி எடுத்தவர்கள் நாங்கள். பதின்மூன்று பேர் இன்னமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே திடலில் சந்தித்து ஆடுகிறோம். எங்கள் பெயரிலேயே ஓர் அணியை நாங்களே தொடங்க முடியுமா?
– இரு தோழியர், பிறை

பதில்: உங்கள் கடிதத்தைப் பட்டர்வொர்த் அம்மாவுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டேன், நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அனுப்பினேன்.

முடியும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2022இல் ஆடத் தொடங்கிய அரோரா என்ற மகளிர் அணியை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சிறு சிறு பங்குகளாகச் சேர்ந்து நடத்துகிறார்கள்; அவர்கள் திரட்டிய தொகை ஏறக்குறைய ஒரு மில்லியன் டாலர். முதல் ஆண்டிலேயே தம் லீக்கின் இறுதியாட்டத்திற்குப் போனார்கள். மேல் லீக்கில் இடம் கேட்டும் கிடைக்கவில்லை. அதற்காக அணி கலைந்துபோய்விடவில்லை, தூக்கிக்கொண்டு போகவும் யாருமில்லை.

உங்களுக்கு மில்லியன் தேவையில்லை. மலேசியாவில் விளையாட்டுக் கழகங்கள் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்துகொள்கின்றன. உங்களில் பலர் 18 வயது நிறையாதவர்கள் என்பதால், பெற்றோர்களையும் முன்னாள் ஆசிரியர் ஒருவரையும் பொறுப்பாளர்களாக வைத்து ஒரு சிறிய செயற்குழு அமையுங்கள். கழகத்தின் சட்டவிதிகளை எழுதுங்கள். அதில் ஒரு விதியை மறவாமல் சேருங்கள்: அணியைப் போட்டியிலிருந்து விலக்கவோ கலைக்கவோ வேண்டுமானால், ஆட்டக்காரர்களையும் உறுப்பினர்களாக வைத்து நடத்தும் பொதுக்கூட்டத்தில் மட்டுமே அதை முடிவு செய்ய வேண்டும். பதிவுப் படிவங்களோடு, பினாங்குக் காற்பந்துச் சங்கத்திற்கும் ஒரு கடிதம் எழுதி, மகளிர் போட்டிகளுக்கு அணிகளைச் சேர்க்கும் கடைசி நாளையும் நுழைவுக் கட்டணத்தையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

பதினான்காம் எண்ணை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பக்கம் அச்சுக்குப் போகுமுன் பட்டர்வொர்த்திலிருந்து பதில் வந்துவிட்டது: வரும் ஞாயிறு எத்தனை மணிக்குத் திடலுக்கு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.